இரண்டாம் அறையில் கேட்ட மூச்சு

நேரத்தை எழுதுவதுதான் என் வேலை. எத்தனை மணிக்கு விளக்கை அணைத்தார்கள், எத்தனை மணிக்குப் புரண்டு படுத்தார்கள், எத்தனை நொடி மூச்சு நின்றது... பதினாறு வருடமாக இதைத்தான் எழுதுகிறேன். நேரம் போட்டு எழுதியதில் இதுவரை ஒரு பொய் கிடையாது. இதையும் நேரம் போட்டே எழுதுகிறேன். கதை விடுகிறாள் என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு என் நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

என் பெயர் ஐலா. மிச்சிகனின் வடகோடியில், சுப்பீரியர் ஏரிக்கரை ஊர் ஒன்றில், தூக்கத்தைப் பரிசோதிக்கும் கூடத்தில் இரவு வேலை. இரண்டு படுக்கையறைகள். நடுவில் திரைகளும் ஸ்பீக்கர்களும் உள்ள என் அறை. வருபவர்களுக்குக் கண்ணோரம், நெஞ்சு, கால் எல்லாம் கம்பி ஒட்டுவேன். தலையில் மட்டும் ஆறு இடம். முன்னால் இரண்டு, நடுவில் இரண்டு, பின்னால் இரண்டு. அளந்து குறித்து, வெள்ளைப் பசை வைத்து ஒட்ட வேண்டும். அந்தப் பசை காலைக்குள் காய்ந்து இறுகிவிடும். முடியிலிருந்து எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோயைப் பிடிப்பதுதான் எங்கள் தொழில். ஊரே கேட்கக் குறட்டை விடும் பருத்த ஆண்கள்தான் அதிகம் வருவார்கள். பெண்கள் கடைசியில்தான் வருவார்கள். அதற்குள் பல டாக்டர்களைப் பார்த்து, பலவித மாத்திரைகளை விழுங்கி முடித்திருப்பார்கள்.

டெனீஸ் அப்படி வந்தவள். போன ஜனவரி பதினேழாம் தேதி, வியாழக்கிழமை, இரவு 8.25. வயது நாற்பத்தொன்பது. பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். பூட்ஸில் பனியோடு, தன் சொந்தத் தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"மூணு வருஷமாச்சும்மா நான் தூங்கி. எட்டு மணி நேரம் கிடக்கிறேன். எழுந்தா அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு."

"குறட்டை உண்டா?"

"என் வீட்டுக்காரர் விடுறதுதான் குறட்டை. அதுக்கு முன்னாடி என்னோடது என்னத்த கேக்கும்?"

தலையில் கம்பி ஒட்டிக்கொண்டே டாக்டர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன்.

"மாதவிலக்கு நிக்கிற வயசு, அப்படித்தான் இருக்கும்னார் ஒருத்தர். மனச்சோர்வுன்னு ஒருத்தர் மாத்திரை குடுத்தார். ரத்தத்துல இரும்பு இல்லன்னு ஒருத்தர். நாலாவது ஆளு யோகா பண்ணச் சொன்னார். பண்ணேன். அதுலயே தூங்கிட்டேன்."

இரண்டு பேரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும் அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கை சில்லென்று இருந்தது.

"யார்கிட்டயும் சொல்லாததை உன்கிட்ட சொல்றேன். போன வாரம் ரயில் கேட்டுல பஸ்ஸை நிறுத்தினேன். ரயில் வருதான்னு கதவைத் திறந்து சத்தம் கேக்கணும்ல, திறந்தேன். அப்புறம் ஒண்ணும் ஞாபகமில்ல. முன் சீட்டுக் குட்டிப் பொண்ணு தோளைத் தொட்டு, 'டெனீஸ், ரயில் போயிடுச்சு'ங்கறா. ரயில் வந்ததே எனக்குத் தெரியல ஐலா. உள்ள நாப்பத்தோரு பிள்ளைங்க."

பசைக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

"திங்கக்கிழமை மறுபடி ஓட்டணும். முடியாதுன்னா ஏன்னு கேப்பாங்க. எந்த டாக்டர் சீட்டைக் காட்டுவேன்? இந்தத் தடவையும் ஒண்ணுமில்லன்னு வந்தா, எனக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சுன்னு நானே நம்பிடுவேன்."

"ஏதாவது இருந்தா இன்னைக்குப் பிடிச்சிடலாம்" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது.

இரண்டாம் அறைக்கு வர வேண்டியவர் பனிப்புயல் அறிவிப்பைக் கேட்டு வரவில்லை. எட்டு மணிக்கே அந்த அறைக்கு நான் என் கையால் சலவை விரிப்பும் தலையணை உறையும் போட்டிருந்தேன். கருவியை நிறுத்தினேன். விளக்கை அணைத்துக் கதவைச் சாத்தினேன். ஆனால் அவருக்காக என் அறையில் திறந்து வைத்திருந்த இரண்டாம் திரையை மூட மறந்துவிட்டேன். கருவி ஓடவில்லை என்பதால் திரையில் எல்லாக் கோடுகளும் நேராகப் படுத்துக் கிடந்தன.

10.26. விளக்கணைக்கும் முன்னால் எல்லாக் கம்பியும் வேலை செய்கிறதா என்று பார்ப்போம். நான் மைக்கில் சொல்லச் சொல்ல, படுத்திருப்பவர் செய்ய வேண்டும்.

"டெனீஸ், தலையை ஆட்டாம மேல பாருங்க. கீழ பாருங்க. அஞ்சு தடவை கண்ணைச் சிமிட்டுங்க."

முதல் திரையில் அவளுடைய கண் கோடு ஐந்து முறை துள்ளியது. நல்லது.

இரண்டாம் திரையிலும் துள்ளியது. ஐந்து முறை.

பக்கத்து அறை மின்சாரம் கலந்திருக்கும் என்று நினைத்தேன். பழைய கட்டடம். எப்போதாவது இப்படி ஆகும்.

"மூச்சைப் பிடிச்சுக்கோங்க."

இரண்டு திரையிலும் மூச்சுக் கோடு நின்றது.

"விடுங்க."

டெனீஸின் கோடு எழுந்தது. இரண்டாம் திரையில் எழவில்லை. ஏழு நொடி கழித்துத்தான் எழுந்தது.

10.31க்கு விளக்கை அணைத்தேன். இரண்டாம் திரை மறுபடி நேர்கோடாக இருந்தது. காப்பி ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தேன்.

டெனீஸ் தூங்கினாள். ஆனால் அது தூக்கமா? மூச்சு நிற்கவில்லை, மெலிந்தது. மெலிந்து மெலிந்து நூலானதும் மூளை திடுக்கிட்டு விழித்தது. பத்து நொடி கழித்து மறுபடி தூக்கம். மறுபடி மெலிதல். மறுபடி திடுக்கிடல். ஒரு மணி நேரத்தில் இருபது தடவைக்கு மேல் அந்தப் பெண்ணை யாரோ உலுக்கி எழுப்பியது போல இருந்தது.

எங்கள் கூடத்தில் ஒரு விதி. மூச்சு மெலிந்தால் மட்டும் போதாது, ரத்தத்தில் ஆக்ஸிஜனும் நான்கு புள்ளி இறங்க வேண்டும். அப்போதுதான் அதை எண்ணுவோம். டெனீஸுக்கு மூன்று புள்ளிதான் இறங்கியது. பெண்களில் நிறையப் பேருக்கு இப்படித்தான். ஆக்ஸிஜன் விழுவதற்குள் மூளை விழித்துவிடும். அவள் செத்துச் செத்துப் பிழைத்ததெல்லாம் எண்ணிக்கையில் வரவே இல்லை. மணிக்கு ஐந்து வந்தால் நோய். அவளுக்கு மூன்று வந்திருந்தது.

திரையைப் பார்த்துத் திட்டினேன். இறங்கு, இன்னும் ஒரு புள்ளி இறங்கித் தொலை என்று ஒரு நோயாளியின் ஆக்ஸிஜனை நானே கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

2.07.

இரண்டாம் அறை ஸ்பீக்கரின் சிவப்பு விளக்கு எரிந்தது. நான் எதையும் தொடவில்லை.

ஹ்ம்ம்... ஹ்ம்ம்... ஹ்...

மூச்சு. யாரோ தூங்கும் மூச்சு. கேமராவில் பார்த்தேன். கட்டில் காலி.

மூச்சு நின்றது. பழக்க தோஷம், எண்ணினேன். பத்து. இருபது. இருபத்து நான்கில் "ஹக்" என்று ஒரு இழுப்பு. மறுபடி ஹ்ம்ம்... ஹ்ம்ம்...

டெனீஸின் அறையிலிருந்து சத்தம் கசிகிறதோ? அவள் திரையைப் பார்த்தேன். அவளுடைய மூச்சு அந்தச் சமயம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது.

டார்ச் எடுத்துக்கொண்டு போனேன். இரண்டாம் அறைக் கதவைத் திறந்தேன். யாருமில்லை. குளிர். விரிப்பு நான் போட்டபடியே கலையாமல் இருந்தது.

தலையணை மட்டும் நடுவில் பள்ளமாக இருந்தது.

அதில் வெள்ளையாக என்னவோ. விரலால் தொட்டேன். பசை. நான் தலையில் வைக்கும் அதே பசை. ஈரமாக இருந்தது.

எட்டு மணிக்கு நான் மாற்றிய உறை அது.

2.15க்குத் திரும்பி வந்தேன். இரண்டாம் அறை ஸ்பீக்கரை அணைத்தேன். போதாதென்று சுவரிலிருந்து அதன் ஒயரையே பிடுங்கினேன். சிவப்பு விளக்கு அணைந்தது.

ஹ்ம்ம்... ஹ்ம்ம்...

இப்போது சுவர் வழியாக வந்தது.

ஓடிப்போயிருப்பேன். சத்தியமாக ஓடியிருப்பேன். ஆனால் டெனீஸ் கம்பிகளோடு படுத்திருந்தாள். நான் போனால் அவளுடைய இரவு போச்சு. நாற்காலியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். கையை என்ன செய்வதென்று தெரியாமல், என் வேலையையே செய்தேன். இரண்டாம் திரையில் குறிப்பு எழுதினேன். 2.31, மூச்சு நின்றது, 29 நொடி. 2.58, 36 நொடி. 3.22, 44 நொடி.

நிற்கும் நேரம் ஏறிக்கொண்டே போனது.

3.50க்குத் தொலைபேசி அடித்தது. நாற்காலியிலிருந்து விழப் பார்த்தேன். பகல் வேலை பார்க்கும் ராட்னி. நான் பதிவு செய்வதைக் காலையில் சரிபார்ப்பவன், எனக்கு மேலதிகாரி.

"ஐலா, அஞ்சு மணிக்கு ரோட்டை மூடப்போறாங்களாம். நாலரைக்கு ஆறு மணி நேரம் பதிவாயிடும்ல?"

"ஆயிடும்."

"எண்ணிக்கை எவ்வளவு?"

"மூணு. ஆனா ராட்னி..."

"அப்போ ஒண்ணுமில்லாத கேஸு. எழுப்பி அனுப்பிட்டு நீயும் கிளம்பு. பனியில மாட்டிக்கிட்டு அங்கேயே குடும்பம் நடத்தாதே."

"ராட்னி, இங்க..." என்று ஆரம்பித்தேன். என்ன சொல்வது? காலிக் கட்டில் மூச்சு விடுகிறது என்றா? வைத்துவிட்டான்.

ஆறு மணி நேரப் பதிவு இருந்தால் போதும் என்பது எங்கள் ஊர் வழக்கம். புயல் வந்தால் எல்லோரும் செய்வதுதான். நானும் செய்திருக்கிறேன்.

4.31. ஆறு மணி நேரம் முடிந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். டெனீஸை எழுப்பி, அவளோடு சேர்ந்து ஓடிவிடலாம் என்ற ஆசைதான் எனக்கு. கம்பி கழற்றும் தட்டு, வெந்நீர், துண்டு எல்லாம் அவசரமாக எடுத்து வைத்தேன். வந்து மைக்கின் பொத்தானில் விரலை வைத்தேன்.

4.40.

பிடுங்கிப் போட்ட ஸ்பீக்கரில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"இன்னும் கொஞ்ச நேரம்..."

பெண் குரல். தூக்கம் கலையாத குரல்.

"இப்பத்தான்... கனவு வந்துச்சு..."

எனக்கு அந்தக் குரல் தெரியும்.

போன வருடம் பிப்ரவரி. அன்றைக்கும் புயல். அதே இரண்டாம் அறை. மொரீன் பெல்கி என்று ஒரு பெண், ஐம்பத்திரண்டு வயது, பள்ளிச் சமையலறையில் வேலை. டெனீஸ் சொன்னதையே வார்த்தை மாறாமல் சொன்னவள். நாலு நாற்பதுக்கு நான் எழுப்பியபோது என் கையைப் பிடித்து இதையே சொன்னாள். "புயல் வருதும்மா, எழுந்திருங்க" என்று சிரித்துக்கொண்டே விளக்கைப் போட்டேன். கனவு வரும் தூக்கம் விடியற்காலையில்தான் நீண்டு வரும். பெண்களுக்கு மூச்சு மோசமாக நிற்பது பெரும்பாலும் அப்போதுதான். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் எழுப்பினேன். முடிவு, ஒன்றுமில்லை என்று போனது. அப்புறம் நான் அவளை நினைக்கவே இல்லை.

விரலை எடுத்தேன்.

உட்கார்ந்தேன்.

சுவருக்கு அந்தப் பக்கம்... ஹ்ம்ம்... ஹ்...

நின்றது.

பத்து. இருபது. நாற்பது.

அறுபது.

நூறு.

வரவில்லை.

4.43 வரை எழுதினேன். அதன்பின் எழுதவில்லை. அப்பாடா, நின்றது என்று இருந்தது எனக்கு. நிம்மதியாக மூச்சு விட்டேன். இதைச் சொல்ல இப்போதும் கூசுகிறது.

4.52க்கு டெனீஸ் கனவுத் தூக்கத்துக்குள் போனாள். மூடிய இமைக்குள் கண்கள் ஓடின. 4.57க்கு மூச்சு அறவே நின்றது. மெலியவில்லை, நின்றது. 41 நொடி. அடுத்தது 49. 5.11க்கு 58 நொடி. ஆக்ஸிஜன் தொண்ணூற்று நான்கிலிருந்து எழுபத்தொன்றுக்கு விழுந்தது. வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தேன். அரை மணி நேரத்தில் பதினெட்டுத் தடவை. ஒரு டாக்டரும் இதை இல்லை என்று சொல்ல முடியாது. 5.30க்கு உள்ளே போய் அவளுக்கு முகமூடி மாட்டினேன். குழாய் வழியாகக் காற்று போனது. கோடு ஏரி அலை மாதிரி சீராக ஏறி இறங்கியது. ஏழு மணி வரை ஒரு தடவை கூட அவள் மூச்சு நிற்கவில்லை.

சாலை மூடிவிட்டது. பத்து மணி வரை இரண்டு பேரும் அங்கேயே மாட்டிக்கொண்டோம். முடிவைச் சொல்வது டாக்டரின் வேலை, நான் சொல்லக் கூடாது. சொன்னேன்.

டெனீஸ் என்னையே பார்த்தாள். முகத்தில் முகமூடியின் தடம் சிவப்பாக இருந்தது.

"அப்போ நான் சோம்பேறி இல்லையா?"

"இல்ல."

"பைத்தியம் இல்லையா?"

"இல்லம்மா."

தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். திங்கட்கிழமை அவள் பேருந்தை எடுக்கவில்லை, டாக்டர் சீட்டு கொடுத்துவிட்டார். இப்போது முகமூடி போட்டுத் தூங்குகிறாள். வசந்தத்தில் மறுபடி ஓட்ட ஆரம்பித்தாள்.

வெள்ளிக்கிழமை மதியம் ராட்னி இரண்டாம் திரையின் பதிவைத் திறந்தான். இரவு முழுக்க நேர்கோடு. ஒரு துள்ளல் கூட இல்லை. நான் எழுதிய குறிப்புகள் மட்டும் நேரத்தோடு இருந்தன.

"என்னம்மா இது? காலிக் கட்டிலுக்கு நோட்ஸ் எழுதி வச்சிருக்கே?"

தலையணை உறையைக் காட்டினேன். பசை காய்ந்து இறுகியிருந்தது.

"உறையை மாத்த மறந்திருப்பே. லீவு போட்டுட்டுப் போய்த் தூங்கு."

இதோடு முடிந்திருந்தால் நானும் தூக்கக் கலக்கம் என்று என்னைத் தேற்றிக்கொண்டிருப்பேன்.

திங்கட்கிழமை மாலை 7.40. வேலைக்கு வந்து மேல்கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன். தொலைபேசி. வயதான ஆண் குரல்.

"மொரீன் பெல்கியோட வீட்டுக்காரர் பேசுறேன். போன வருஷம் அங்க வந்து படுத்தா. அந்த ரிப்போர்ட் வேணும். டாக்டர் கேக்குறார்."

"மொரீன் எப்படி இருக்காங்க?"



"போயிட்டாம்மா. வெள்ளிக்கிழமை விடியக்காலம். தூக்கத்துலயே."

நான் சுவரில் சாய்ந்துகொண்டேன்.

"அன்னைக்கு ராத்திரி பூரா வாசல்ல பனி தள்ளிட்டிருந்தேன். உள்ள வந்தப்போ அடுப்புக் கடிகாரத்துல நாலு நாப்பது. அவ மூச்சு ஒரு மாதிரியா இருந்துச்சு. தோளைத் தொட்டு எழுப்பினேன். 'இன்னும் கொஞ்ச நேரம், இப்பத்தான் கனவு வந்துச்சு'ன்னா. சரி, பாவம் தூங்கட்டும்னு விட்டுட்டேன்." குரல் உடைந்தது. "ஒண்ணுமில்லன்னு நீங்கதானே சொன்னீங்க. அதான் விட்டேன்."

2.07லிருந்து நான் கேட்டது பேய் இல்லை. அப்போது அவள் உயிரோடு இருந்தாள். பன்னிரண்டு மைல் தள்ளி, தன் வீட்டுக் கட்டிலில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். அவள் தொலைபேசி எண் எனக்குப் பின்னால் அலமாரியில், பழைய கோப்பில் இருந்தது. இரண்டரை மணி நேரம் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"இன்னொண்ணு கேக்கணும்" என்றார் அவர். "பெட்டியில வைக்கிறதுக்கு முன்னால நானே அவளுக்குத் தலை வாரிவிட்டேன். முடியில வெள்ளையா ஏதோ பசை. சீப்பு ஓடல. வெந்நீர் வச்சுத் துடைச்சுப் பார்த்தேன்."

கேட்டேன்.

"எத்தனை இடத்துல?"

"ஆறு. முன்னால ரெண்டு, நடுவுல ரெண்டு, பின்னால ரெண்டு. அளந்து வச்ச மாதிரி. அவ உங்ககிட்ட வந்து பதினொரு மாசம் ஆச்சேம்மா. தினம் தலைக்குக் குளிக்கிறவ. அது எப்படி?"

பழைய கோப்பு இருந்த அலமாரியைத் திரும்பிப் பார்த்தேன்.

"இதுல என்ன கொடுமைன்னா," என்றார், "அது காயவே இல்ல. ஈரமா இருந்துச்சு."